வலி சொல்லும் வேலை

ஐஸ் ரிங்கின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஸ்கேட்டிங் என்பது முழங்காலுக்கு மேலே நடக்கிற கலை. கைகள் விரிகின்றன, கழுத்து சாய்கிறது, பாவாடை சுழல்கிறது. உடை மாற்றும் அறையில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது கணுக்காலுக்குக் கீழே நடக்கிற சண்டை. கட்டைவிரல் மூட்டு வெளியே புடைத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கும். குதிகாலின் பின்புறம் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு எலும்பு கூடுதலாக முளைத்திருக்கும். நகங்களில் பாதி கறுப்பு, மீதி கிடையாது. அழகுக்காகவே ஏற்பட்ட ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு அவலட்சணமான பாதங்கள் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், "பூட்ஸ் புதுசு" என்பார்கள். பழைய பூட்ஸ் போட்டிருப்பவர்களும் அதையே சொல்வார்கள்.

புது பூட்ஸ் என்பது தோலால் செய்த பலகை. தாவி இறங்கும்போது கணுக்கால் மடங்கிவிடாமல் இருக்க, தோலை அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கியிருப்பார்கள். தெருச் செருப்பைவிட ஒரு அளவு சின்னதாகத்தான் வாங்க வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது சுகமாக இருந்தால் அது உங்களுக்குப் பெரிது என்று அர்த்தம். அந்தப் பலகையை உங்கள் காலின் வழிக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் உருப்படியாக ஒரு தாவல் போட முடியாது. அதனால் போட்டி நெருங்கியவர்கள் எல்லோரும் ஒன்றையே விரும்புகிறார்கள்: பூட்ஸ் புதிதாக இருக்க வேண்டும், ஆனால் பழகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டுமானால் நடுவில் வேறு யாருடைய காலாவது இருக்க வேண்டும்.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரியை ரிங்கில் 'மாதிரிக்கால்' என்று கூப்பிடுவார்கள். வீட்டில் அவள் பெரியவள். வயது முப்பத்து மூன்று. இருபத்திரண்டு வயது வரை அவளும் ஆடியவள்தான். நன்றாகவே ஆடினாள். அவளைவிட நன்றாக ஆடியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், தேர்வானதும் மூன்று பேர்தான். அத்தோடு ஆட்டத்தை விட்டுவிட்டாள். ரிங்க் அவள் காலை விடவில்லை. குதிகால் ஒடுக்கம், முன்பாதம் அகலம், கட்டைவிரலைவிடப் பக்கத்து விரல் நீளம். அங்கே முன்னணியில் ஆடிக்கொண்டிருந்த ஐந்தாறு பெண்களுக்கு அப்படியே அதே அளவு. அவளுடைய தங்கைக்கும் அதே அளவுதான். "கடவுள் ஒரே அச்சுல வார்த்திருக்கான்" என்பார் பூட்ஸ்காரர். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அச்சில் உண்டு.

பூட்ஸ்காரரின் அறை பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. கூரை படிப்படியாக இறங்கும். ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் தவழ வேண்டும். பசை வாடை, ஒரு ஹீட்டர், சுவரில் நூறு ஜோடி லேஸ். மேஜையில் ஒரு இரும்பு இடுக்கி. அதன் ஒரு முனையில் குண்டு, மறுமுனையில் வளையம். பூட்ஸின் உள்ளே குண்டையும் வெளியே வளையத்தையும் வைத்து முறுக்கினால், தோல் அந்த இடத்தில் மட்டும் ஒரு மயிரிழை புடைத்துக்கொடுக்கும். எந்த இடத்தில் புடைக்க வேண்டும் என்று இடுக்கிக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் மாதிரிக்காலின் உத்தியோகம்.

காலை ஆறு முதல் எட்டு வரை, கூட்டம் வருவதற்கு முன், அடுத்தவர்களின் புது பூட்ஸை மாட்டிக்கொண்டு அவள் ஐஸில் சுற்றுவாள். பிறகு வந்து, தையற்காரர்கள் வைத்திருப்பார்களே அந்த நீலச் சாக்கட்டியால், வெள்ளைத் தோலின் மேல் குறி போடுவாள். குத்தினால் புள்ளி, இறுக்கினால் கோடு, விண்விண் என்று தெறித்தால் வட்டம்.

"எங்கம்மா?" என்பார் பூட்ஸ்காரர்.

"வலது சுண்டுவிரல் பக்கம். சுருக்குன்னு இருக்கு."

"சுருக்கா, நறுக்கா?"

"நறுக்குன்னா நகத்துல பிடிக்கணும் அண்ணே. இது தோல்ல."

"அப்ப புள்ளி போதும்."

பதினோரு வருடம் இப்படி ஓடியது. கடுப்பு, உளைச்சல், எரிச்சல், குடைச்சல் எல்லாவற்றையும் அவள் காய்கறி வாங்குகிறவளைப்போலத் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்தாள். தன்னுடையதல்லாத பூட்ஸில், தன்னுடையதல்லாத போட்டிக்காக, தன்னுடைய காலில் வலியை வாங்கிக்கொள்கிற வேலை. அவள் அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டதில்லை. வலியைச் சொல்வதும் குறைப்படுவதும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு ஒரு காலையில் வலது காலின் நடு மூன்று விரல்களும் பேச்சை நிறுத்திக்கொண்டன. முதலில் அவள் அதை முன்னேற்றம் என்றுதான் நினைத்தாள். இரண்டு மாதத்தில் இடது காலும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸில் ஒருவர், "சாரிங்க, மிதிச்சுட்டேன்" என்றார். "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தபோது அவர் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

மருத்துவரிடம் போனாள். அந்த அம்மாள் பாதத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்து, விரல் எலும்புகளுக்கு நடுவே போகிற நரம்பு பல வருடமாக நசுங்கித் தடித்துப்போயிருக்கிறது என்றார். இறுக்கமான பூட்ஸை நிறுத்த வேண்டும் என்றார்.

"நிறுத்தினா வலி திரும்ப வந்துடுமா டாக்டர்?"

"வலி போகுமான்னு கேக்குறீங்களா?"

"இல்ல. வருமான்னு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இருபது வருஷத்துல என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்லைம்மா. வரலாம். வராமலும் போகலாம்."

அவள் நிறுத்தவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. வலி தெரியாத மாதிரிக்காலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? அடுத்து வந்த ஜோடிக்கு ஞாபகத்தில் இருந்து குறி போட்டாள். வழக்கமாக எங்கே கடிக்குமோ அங்கே கோடு, எங்கே குத்துமோ அங்கே புள்ளி. அந்தப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவைதான்க்கா ரொம்பச் சரியா இருக்கு" என்றாள். அதற்கடுத்த ஜோடிக்கும் அதே பாராட்டு. உண்மையாக வலித்துச் சொன்ன காலத்தில் இந்த மாதிரி ஒரு சொல் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் இல்லை. பயமாவது வரும் என்று பார்த்தாள். அதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

அப்படியே ஓடியிருக்கும். மூன்றாவதாக வந்த ஜோடி தங்கையுடையது.

தங்கைக்கு இருபத்து நான்கு வயது. இந்த விளையாட்டில் அது ஓய்வு பெறுகிற வயது. அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தேர்வுப் போட்டி. ஆறு பேர் ஆடுவார்கள், மூன்று பேரை எடுப்பார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பழைய பூட்ஸின் கணுக்கால் பகுதி மடிந்து விரிசல் விட்டுவிட்டது. புதியது வந்தது. பன்னிரண்டு நாளில் அதைப் பழக்க ரிங்கில் ஒரே கால்தான் இருந்தது.

"நீ ஓட்டிக் குடுத்தாத்தான்க்கா போடுவேன்" என்றாள் சின்னவள். "வேற யாரையும் தொட விடாதே."

உண்மையைச் சொன்னால் தங்கைக்குப் பூட்ஸ் இல்லை. சொல்லாவிட்டால் யாருடைய வலியும் படாத பூட்ஸோடு அவள் கடைசிப் போட்டிக்குப் போவாள். பெரியவள் இரண்டையும் செய்யாமல் மூன்றாவதாக ஒன்றைச் செய்தாள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு, வலிக்கட்டும் என்று தினமும் இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். லேஸை இன்னும் இறுக்கிக்கூடப் பார்த்தாள்.

ஏழாவது நாள் காலை சாக்ஸைக் கழற்றியபோது, நடுவிரலுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு. முதலில் பூட்ஸின் சாயம் என்று நினைத்தாள். பூட்ஸ் வெள்ளை. உள்ளே கையை விட்டுத் துழாவினாள். சட்டென்று கையை உதறினாள். அடியில் பிளேடைப் பொருத்திய திருகாணி ஒன்று நீளம் கூடிப்போய், நுனி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கைவிரலுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதுமாக இருந்தது. கால்விரல் ஏழு நாளாக அதன் மேல் நின்றிருக்கிறது.

பூட்ஸ்காரர் பிளேடைக் கழற்றித் திருகாணியை மாற்றினார். மாற்றிவிட்டுச் சாக்ஸைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது முதல் நாளே குத்தியிருக்கணுமே."

"குத்தியிருக்கும்."

"குத்தியிருக்கும்னா?"

"எனக்குத் தெரியாது அண்ணே. நாலு மாசமாவே தெரியாது."

அவர் ஹீட்டரை அணைத்தார். "அப்ப முன்னாடி ரெண்டு ஜோடி?"

"மனப்பாடம்."

"அதைத்தானே ரெண்டு பேரும் ஆஹா ஓஹோன்னு சொன்னாங்க?"

"அதேதான்."

"அப்புறம் என்னம்மா? யாரும் குறை சொல்லல. இன்னும் அஞ்சு நாள் இருக்கு. மனப்பாடமாவே குறி போட்டுட்டுப் போ. போட்டி முடியட்டும், பேசிக்கலாம்."

கெட்டவர் இல்லை. வேலை தெரிந்தவர். வலியே இல்லாமல் வேலை நடக்கிறது என்றால் அதை நிறுத்துவானேன் என்று நியாயமாக யோசித்தார். "இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன் அண்ணே" என்றாள் பெரியவள். "அப்ப என்ன பண்ணுவே?" என்றார். வாடகைக்குப் பூட்ஸ் கொடுக்கிற கவுன்டரில் ஆள் கேட்டிருந்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். பதினோரு வருட உத்தியோகம் போனதற்கு வருத்தம் வரும் என்று இரண்டு மூன்று நாள் இடம் விட்டு வைத்திருந்தாள். வரவில்லை. மனதுக்கும் ஒரு மருத்துவரைப் பார்க்கலாமா என்று யோசித்தாள். மருத்துவமனையில் அந்தப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் வேலை செய்யவில்லை.

திருகாணி மாற்றிய அன்று மாலை பூட்ஸை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள மாடி வீடு. சின்னவள் சமையலறை மேஜைக்கு அடியில் ஒரு பக்கெட் பனித்தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பூட்ஸ் ரெடி ஆகலையா?"

"எனக்குக் கால் மரத்துப்போச்சு."

"ஒரே இடத்துல உக்காந்தா மரக்கத்தான் செய்யும். எந்திரிச்சு நட."

"நாலு மாசமாச்சுடி."

பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். மனப்பாடம், திருகாணி, ஏழு நாள். ஒன்றையும் குறைக்கவில்லை, அழவும் இல்லை. தங்கை கத்துவாள், பக்கெட்டை உதைப்பாள் என்று எதிர்பார்த்தாள். சின்னவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எந்த விரல்?"

"நடு மூணும். ரெண்டு கால்லயும்."

"எனக்கு நாலு" என்றாள் சின்னவள். "கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் பேசும்."

"எப்ப இருந்து?"

"போன போட்டிக்கு முன்னாடியே. கோச்சுக்குத் தெரிஞ்சா என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவார். அதான் சொல்லல." சிறிது யோசித்தாள். "நீ ஓட்டிக் குடுக்கற பூட்ஸ் வலிக்கிறதே இல்லைன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் சிரிக்கிற சிரிப்பு. பிறகு சின்னவள் காலைத் துடைத்து அக்காவின் மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவள் தலையில் இருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்தாள்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இன்னும் குத்தவே ஆரம்பிக்கலையா?"

"நாலு விரலும் முடிஞ்சுதுடி."

அம்மா வேலை முடிந்து வந்தது அப்போதுதான். ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. வாசலில் நின்று, ஒருத்தி காலை இன்னொருத்தி ஹேர்பின்னால் குத்துவதைப் பார்த்தாள்.

"என்னடி நடக்குது இங்க?"

"தேடறோம்மா" என்றாள் சின்னவள்.

"எதை?"

"காலை."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அதெப்படித் தெரியாமப் போகும்? எங்க, என்னைக் குத்து." பெரியவள் பின்னைக் கிட்டே கொண்டுபோனாள். தொடுவதற்குள் அம்மா "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டாள். "இன்னும் படவே இல்லம்மா." "பட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பெரியவள் அந்தக் காலைப் பிடித்தபடியே இருந்தாள். ஒடுக்கமான குதிகால். அகலமான முன்பாதம். கட்டைவிரலைவிடப் பக்கத்து விரல் நீளம். இத்தனை வருடமும் இரண்டு பெண்களும் தங்கள் கால் அப்பாவின் கால் என்றே நம்பியிருந்தார்கள். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் பூட்ஸோடுதான் இருப்பார். அம்மாவின் காலை யாரும் பார்த்ததில்லை. அது எப்போதும் எதன் மேலாவது நின்றுகொண்டிருந்தது.

"சின்னவளே, அந்தப் பையை எடு" என்றாள் பெரியவள்.

"நானா? இதையா? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யார் இஸ்திரி போடுவா?"

"பிளேடுக்கு உறை போட்டிருக்கும்மா. ஃப்ரிட்ஜைப் பிடிச்சுக்கோ."

அம்மா ஒரு கையால் ஃப்ரிட்ஜையும் மறு கையால் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு, ஐஸையே மிதித்திராத கால்களால், சமையலறையில் நின்றாள். லேஸை இறுக்கியதும் முகம் மாறியது.

"இங்க ஒருத்தன் கடிக்கிறான்."

"பல்லாலயா, சும்மா இறுக்கமாவா?"

"கடிக்கிறான்னா பல்லாலதான்டி கடிப்பான். இந்தப் பக்கம் எரியுது. இங்க என்னமோ நிக்குது. ஐயோ, இதுக்கு என்ன பேரு, நகத்துக்கு அடியில போய் அடிக்குதே."

"விண்விண்ணு தெறிக்குதா? அப்ப வட்டம்."

"அதேதான். வட்டம்னா வட்டம் போடு, சீக்கிரம் போடு, கழட்டணும்."

பெரியவள் தரையில் மண்டியிட்டுச் சாக்கட்டியோடு சுற்றிச் சுற்றி வந்தாள். முதல் நாள் மட்டும் பதினெட்டுக் குறிகள். அவள் ஞாபகத்தில் இருந்து போட்டிருந்தால் அதில் நான்குதான் பொருந்தியிருக்கும். மறுநாள் காலை பூட்ஸ்காரர் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் இது? என்னமா சொல்லியிருக்கா. கூட்டிட்டு வாம்மா, வேலை போட்டுக் கொடுப்போம்" என்றார். அம்மாவிடம் சொன்னபோது, "அவர் வந்து என் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கட்டும், நான் அங்க போறேன்" என்றாள்.

நான்கு மாலை அம்மா வேலைவிட்டு வந்து, கை கழுவி, பூட்ஸ் மாட்டி, ஒரு மணி நேரம் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். கீழ்வீட்டுக்காரர் வந்து, "மேல என்ன, குதிரை வளர்க்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஐஸில் பழக்குகிற அளவுக்குப் பழக்கம் ஆகவில்லைதான். ஆனால் நான்காவது மாலை குறி ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. அம்மா நாற்காலியில் சாய்ந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்படி வலிக்கும்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே."

"சொல்லியிருக்கோம்மா. எத்தனை தடவை."

"வலிக்குதுன்னு சொன்னீங்க. இப்படின்னு சொல்லல."

எப்படி என்று அவர்களுக்கே மறந்துபோய் வெகு நாளாகியிருந்தது.

போட்டி மதியம் நடந்தது. சின்னவள் நான்காவதாக ஆடினாள். பார்வையாளர் எல்லோரும் அவள் கைகளைப் பார்க்க, அம்மாவும் பெரியவளும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு தாவலும் சுத்தம். அம்மா ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் தன் செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள். மூன்றாவது தாவலில் சின்னவள் மேலே போனாள், சுற்று முடிவதற்குள் கீழே வந்துவிட்டாள். விழவில்லை. முடிக்கவில்லை, அவ்வளவுதான். பட்டியலில் ஐந்தாவது பெயராக இருந்தாள்.

கோச் உடை மாற்றும் அறைக்கு வந்தார். "பூட்ஸா?"

"இல்ல சார். பூட்ஸ் நல்லா இருந்துது."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"நான்தான் சார்."

அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் போனார். பெரியவளுக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். தங்கை தோற்றது தன் காலால் இல்லை. அந்த நிம்மதி எங்கே இருக்கிறது என்று உள்ளுக்குள் துழாவிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. மண்டியிட்டு லேஸைத் தளர்த்தி, பூட்ஸை ஒவ்வொன்றாக உருவினாள். சாக்ஸையும் கழற்றினாள். கொப்புளம் இல்லை, ரத்தம் இல்லை. பதினோரு வருடத்தில் அவள் கை பட்டுப் போன பூட்ஸில் இதுதான் ஆகச் சிறந்தது. அதில் அவள் கால் படவே இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சின்னவள் திறந்திருந்த கதவு வழியாக எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டிவிடுக்கா" என்றாள்.

"கழட்டியாச்சு."

சின்னவள் குனிந்து பார்த்தாள். பூட்ஸ் இரண்டும் பெஞ்சுக்கு அடியில் ஜோடியாக இருந்தன. கால்கள் ஈரத் தரையில் வெறுமனே இருந்தன. பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவளின் கால்களும் அப்படித்தான்.

"எப்ப?"

"கொஞ்ச நேரமாச்சு."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீ பட்டியலைப் பார்த்துட்டிருந்தே."

அம்மா உள்ளே வந்தாள். பெஞ்சுக்கு அடியில் இருந்த பூட்ஸை எடுக்கக் குனிந்தவள், ஒரு கையைத் தரையில் ஊன்றிவிட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

"தரை இப்படிச் சில்லுனு இருக்கு, காலை மேல எடுங்கடி" என்றாள்.

இரண்டு பேரும் எடுத்தார்கள்.